வாசகர் கேள்வி – பதில்: பயிற்சிக்குச் சென்ற இடத்தில் மாணவரின் பொறுப்பு

கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப் தொடங்கும் நேரம் என்பதால், இம்முறை அது தொடர்பான கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட நிறுவனங்களின் பெயர்களையும் வெளியிடவில்லை.

கேள்வி: நான் கோவையில் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் படிக்கிறேன். நான்கு வாரப் பயிற்சிக்காக, உலோகத்தை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரியில் சேர்ந்திருக்கிறேன். முதல் வாரம் முழுவதும் எந்த வேலையும் தரவில்லை. ‘சுத்திப் பாருங்க தம்பி’ என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் போய்விடுகிறார். மீதி நாட்களுக்குப் போகாமல் இருந்துவிட்டு, கடைசியில் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொள்ளலாமா? என் வகுப்பில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பதில்: கூடாது. உங்கள் பயிற்சிக்குப் பட்டப்படிப்பில் கிரெடிட், அதாவது பட்டம் பெறக் கணக்கில் சேரும் பாட அலகு, உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வழிகாட்டுதலில், ஒரு கிரெடிட் என்பது 40 முதல் 45 மணி நேர வேலைக்குச் சமம் என்று கணக்கிடப்படுகிறது. போகாத நாளுக்குக் கையொப்பம் வாங்குவதும் எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் வாங்குவதும் ஒன்றுதான்.

ஆனால் உங்கள் மனக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைய உற்பத்தி இலக்கு மேற்பார்வையாளரின் தலையில் இருக்கிறது. நான்கு வாரத்தில் போய்விடப்போகிறவருக்குக் கற்றுக்கொடுக்க அவருக்கென்று தனி நேரம் யாரும் ஒதுக்கித் தருவதில்லை. எனவே ‘ஏதாவது வேலை கொடுங்கள்’ என்று பொதுப்படையாகக் கேட்டால் ‘சுத்திப் பாருங்க’ என்ற பதில்தான் வரும். இன்னதைச் செய்யட்டுமா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். நீங்கள் இருப்பது பவுண்டரி. அங்கே ரிஜெக்‌ஷன் பதிவேடு என்று ஒன்று இருக்கும். இன்று எத்தனை வார்ப்புகள் கழிக்கப்பட்டன, எதனால் என்பதை அதில் எழுதியிருப்பார்கள். வார்ப்பு அச்சு செய்யும் மணலின் ஈரப்பதத்தைச் சோதித்து எழுதும் குறிப்பேடு வேறாக இருக்கும். மணலில் ஈரம் கூடினால், உருகிய இரும்பு பட்டவுடன் கிளம்பும் நீராவி வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள்ளேயே குமிழாகத் தங்கிவிடும்; புளோ ஹோல் என்று கழிக்கப்படுபவற்றில் ஒரு பகுதி இதனால் வருவது. இவ்விரண்டு பதிவேடுகளையும் இரண்டு வாரத்துக்கு நாள்வாரியாக ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட அனுமதி கேளுங்கள். மேற்பார்வையாளருக்கு உங்களால் தொந்தரவு இராது. அட்டவணையில் ஏதாவது தென்பட்டால் அவரே உங்களைத் தேடி வருவார்.

ஒரு வாரம் வேலை தரப்படவில்லை என்பதை உங்கள் கல்லூரி வழிகாட்டி ஆசிரியருக்கு இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள். கடைசி நாளில் சொல்லப்படும் குறையை எவராலும் சரிசெய்ய முடியாது. எனக்குத் தெரிந்தவரை, பயிற்சியில் மாணவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை திறமைக் குறைவால் வருபவை அல்ல; சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால் வருபவை.

இன்னொன்று. சுற்றிப் பார்ப்பதிலும் ஆபத்து இருக்கிறது. பாதுகாப்புக் காலணியும் கண்ணாடியும் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். உருகிய உலோகம் கொண்டுவரப்படும் பாதையில் நிற்காதீர்கள். லேத், டிரில்லிங் இயந்திரங்களுக்கு அருகே செல்லும்போது, கழுத்தில் தொங்கும் கல்லூரி அடையாள அட்டையை நாடாவுடன் கழற்றிப் பையில் வைத்துவிட வேண்டும். அங்கே கையுறை பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. சுழலும் பாகம் துணியைப் பற்றினால் கையையும் சேர்த்தே இழுத்துவிடும்.

கேள்வி: என் மகனின் நண்பர்கள் பணம் கட்டி, ஒரு நாள்கூடப் போகாமல், ஒரு பயிற்சி மையத்தில் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். மகனும் பணம் கேட்கிறான். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அது பொய்ச் சான்றிதழ். வேலையில் சேர்ந்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் அது பிடிபட்டால், பயிற்சியோடு சேர்ந்து வேலையும் போகும்.

கேள்வி: நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் செய்கிறேன். நான் எழுதிய நிரல்களை கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் என் பக்கத்தில் போட்டு, கல்லூரி அறிக்கையிலும் சேர்க்க விரும்புகிறேன். சேரும்போது ஏதோ ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டேன், படித்துப் பார்க்கவில்லை. நான் எழுதியது எனக்குச் சொந்தமில்லையா?

பதில்: முதலில் அந்த ஒப்பந்தத்தின் நகலை மனிதவளப் பிரிவில் கேட்டு வாங்கிப் படியுங்கள். பணி ஒப்பந்தத்தின் கீழோ தொழில் பழகுநர் ஒப்பந்தத்தின் கீழோ பணியின் போக்கில் உருவாக்கப்படும் படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில், பணியமர்த்தியவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். கல்லூரி இன்டர்ன் அந்த வரையறைக்குள் வருவாரா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம்; ஆனால் அந்த வாதத்துக்கே இடமில்லாதபடி, உரிமை முழுவதும் நிறுவனத்துக்கே என்று நீங்கள் கையொப்பமிட்ட தாளில் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒரு வரியைக்கூடப் பொதுவெளியில் போடாதீர்கள். நிரலுக்குள் கடவுச்சொல்லோ சர்வர் முகவரியோ இருந்துவிட்டால், பின்னர் அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது அப்படியே கிடக்கும்.

கல்லூரி அறிக்கைக்கு நிரல் தேவையில்லை. சிக்கல் என்ன, எந்த வழிகளை யோசித்தீர்கள், ஏன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்று எழுதினால் போதும். வாடிக்கையாளரின் பெயரையும் உண்மைத் தரவுகளையும் விட்டுவிடுங்கள். அறிக்கையின் வரைவை உங்கள் மேலாளருக்கு அனுப்பி, அவருடைய சம்மதம் கிடைத்த பிறகே கல்லூரியில் கொடுங்கள். அதற்கு அவருக்கு இரண்டு வாரமாவது அவகாசம் வேண்டும். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: நிறுவனத்தின் நிரலை உங்கள் சொந்தக் கணக்கில் இயங்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டிச் சந்தேகம் கேட்பதும் வெளியே கொடுப்பதுதான்.

கேள்வி: ஒரு நிறுவனத்தில் சேர்வதாக மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டேன். இப்போது இரு மடங்கு உதவித்தொகையுடன் இன்னொரு வாய்ப்பு வந்திருக்கிறது. மாறிக்கொள்ளலாமா?

பதில்: என் கருத்தில் மாறக் கூடாது. படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி நடத்தும் கூட்டுறவுக் கல்வி முறையை அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் தொடங்கியபோதே, அது தொழிற்சாலைகள் கல்லூரியின் மீது வைத்த நம்பிக்கையில்தான் நின்றது. 1957 முதல் இம்முறையைப் பெரிய அளவில் நடத்திவரும் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், மாணவரும் நிறுவனமும் தரும் விருப்ப வரிசையைக் கொண்டு இணை சேர்க்கிறார்கள். இணை சேர்ந்துவிட்டால் மாணவர் அந்த வேலையை ஏற்றாக வேண்டும். கடுமையான விதியாகத் தோன்றலாம். ஆனால் நீங்கள் பின்வாங்கினால் அந்த நிறுவனத்துக்கு உங்கள் முகம் மறந்துபோகும், கல்லூரியின் பெயர் மறக்காது. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் உங்கள் ஜூனியர்தான் அதற்கு விலை கொடுப்பார். குடும்பச் சூழ்நிலையால் அந்த உதவித்தொகை இல்லாமல் முடியாது என்றால், கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரிடம் முதலில் பேசி, அவர் வழியாக நிறுவனத்திடம் விடுவிக்கும்படி கேளுங்கள். சொல்லாமல் சேராமல் விடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: பயிற்சி இடத்தில் என் மேற்பார்வையாளர் வேலை நேரம் முடிந்த பிறகும் தனியாக இருக்கச் சொல்கிறார், என் உடையைப் பற்றியும் தோற்றத்தைப் பற்றியும் பேசுகிறார். மதிப்பீட்டுத் தாளில் கையொப்பமிட வேண்டியவரே அவர்தான். பொறுத்துக்கொள்வது என் பொறுப்பா?

பதில்: இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சி பெறுபவரையும் பணியாளர் என்ற வரையறைக்குள் சேர்த்தே சொல்கிறது; சம்பளம் இல்லை என்பதால் அந்தப் பாதுகாப்பு போய்விடாது. பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனமானால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம். தேதி, நேரம், சொன்ன சொற்கள், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை இன்றே குறித்து வையுங்கள்; வந்த செய்திகளை அழிக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். உங்கள் துறைத் தலைவருக்கு எழுதி, மதிப்பீட்டை வேறொருவர் செய்யவும், தேவையானால் பயிற்சி இடத்தையே மாற்றவும் கேளுங்கள். இவ்வளவும் நடந்து முடியும்வரை தனியாக இருக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த மறுப்பு ஒழுங்கீனம் ஆகாது.

கேள்வி: கல்லூரிக் கருத்தரங்குக்காக இரண்டு நாள் ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வராவிட்டாலும் வருகை தரும் அனுமதி) வாங்கிவிட்டேன். பயிற்சி நிறுவனத்திலும் தனியாக விடுப்பு கேட்க வேண்டுமா?

பதில்: கேட்க வேண்டும். ஓ.டி. உங்கள் கல்லூரியின் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே செல்லும். நிறுவனத்தில் அந்த இரண்டு நாளும் நீங்கள் வராத நாட்கள்தான். குறைந்தது ஒரு வாரம் முன்பே மேற்பார்வையாளரிடம் தேதியைச் சொல்லி, அந்த நாட்களைக் கடைசியில் சேர்த்து ஈடுகட்ட முடியுமா என்று கேளுங்கள். அப்படி நீட்டித்தால், சான்றிதழில் முடியும் தேதியும் அதற்கேற்ப மாறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.