குழந்தையை விட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள்

கேள்வி: என் கணவரின் அக்கா அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அவர் போட்ட மனுவில் பல வருடம் காத்திருந்து, போன வருடம் எனக்கும் கணவருக்கும் மும்பையில் விசா கிடைத்தது. நியூஜெர்சி போனோம், கிரீன் கார்டும் வந்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று பெரியவர்கள் சொன்னதால், கர்ப்பமாக இருந்தபோதே மதுரைக்கு வந்துவிட்டேன். வந்து ஒன்பதரை மாதம் ஆகிறது, மகனுக்கு ஆறு மாதம். "அங்கேயே பெற்றிருந்தால் பிள்ளை சிட்டிசன் ஆகியிருப்பானே" என்று நாத்தனார் போனில் தினமும் குத்திக்காட்டுகிறார். கணவர் பிரசவத்துக்கு வந்து, பெயர் வைத்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டார். கார்டு போய்விடும், ஒரு வருடம் முடிவதற்குள் நீ மட்டும் வந்துவிடு, குழந்தைக்குப் பிறகு மனு போடலாம் என்கிறார். இங்குள்ள ஏஜென்ட் ஒருவர் குழந்தைக்கு விசிட்டர் விசா வாங்கித் தருவதாக 75,000 ரூபாயும் குழந்தையின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் அசலும் வாங்கிக்கொண்டு இழுத்தடிக்கிறார். நான் தனியாகப் போவதா, விசாவுக்குக் காத்திருப்பதா? ஏஜென்ட் மீது வழக்குப் போடலாமா?

பதில்: நாத்தனார் பேச்சையெல்லாம் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். சட்டத்துக்குத் தேவையானது ஒரே ஒரு விஷயம்தான்: மகன் பிறந்த பிறகு நீங்கள் இன்னும் ஒரு தடவைகூட அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. அந்த முதல் பயணம் உங்கள் கையில் மிச்சம் இருக்கும்வரை குழந்தைக்கு விசாவே தேவையில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பு 8, பிரிவு 211.1 இதைத்தான் சொல்கிறது. கிரீன் கார்டு வைத்திருக்கும் தாய் தற்காலிகமாக வெளிநாடு வந்திருக்கும்போது பிறந்த குழந்தை, இரண்டு வயதுக்குள், பிறப்புக்குப் பின் முதல் முறையாகத் திரும்பும் பெற்றோரோடு போய் இறங்கினால் குடியேற்ற விசா இல்லாமலே நிரந்தரவாசியாக, அதாவது கிரீன் கார்டுக்கு உரியவராக, ஏற்றுக்கொள்ளப்படும். கூட வரும் பெற்றோர் அனுமதிக்கப்படத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். தந்தைக்கு மட்டும் கார்டு இருந்து தாய்க்கு இல்லையென்றால் இந்தச் சலுகை கிடையாது. விசா அச்சடித்த பிறகு, முதல் தடவை அமெரிக்கா போவதற்கு முன்பே பிறந்த குழந்தைக்கு இன்னொரு விதி இருக்கிறது. அது உங்கள் கதை இல்லை. தெரிந்தவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பினால் காதில் வாங்காதீர்கள்.

துணைக்கு வருவது தாயாகவும் இருக்கலாம், தந்தையாகவும் இருக்கலாம். ஆனால் அது அவரவருடைய முதல் திரும்புதலாக இருக்க வேண்டும். உங்கள் கணவர் பெயர் வைத்துவிட்டுப் போனாரே, அதோடு அவருடைய வாய்ப்பு தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது உங்களுடையது மட்டும். நீங்களும் தனியாகப் போய் இறங்கிவிட்டால் இந்த வழி மொத்தமாக அடைபடும். மறுபடி மதுரைக்கு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாலும் அது இரண்டாவது பயணம். அந்த நிலையில் விசா இல்லாத குழந்தையை விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

என்னிடம் வரும் குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். கார்டு போய்விடுமே என்ற பயத்தில் தாய் தனியாகப் போகிறார். ஏர்போர்ட்டில் ஒரு கேள்வியும் இல்லை, "வெல்கம் பேக்" என்று அனுப்பிவிடுகிறார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நிம்மதியாக இருப்பார்கள். குழந்தைக்கு மனு போட உட்காரும்போதுதான் எதை இழந்தோம் என்று தெரியும். நிரந்தரவாசியின் பிள்ளைக்கான எஃப்2ஏ பிரிவில் 2019 ஜூலையிலிருந்து 2023 மார்ச் வரை வரிசையே இல்லாமல் இருந்தது. அந்தக் காலத்து அனுபவத்தை வைத்துத்தான் உறவினர்கள் "சீக்கிரம் வந்துவிடும்" என்கிறார்கள். 2023 ஏப்ரலில் அந்தப் பிரிவில் மறுபடி வரிசை வந்துவிட்டது. தவழும் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வரிசையில் நிற்பது என்ன வேதனை என்பதை அந்தத் தாய்மார்கள் என் எதிரில் உட்கார்ந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு அது தேவையே இல்லை.

அடுத்த பொறி இதற்கு நேர் எதிரானது. "இரண்டு வயது வரை டைம் இருக்கிறதே" என்று நிதானமாக இருந்துவிடுவது. அந்த இரண்டு வருடக் கணக்கு குழந்தைக்கு மட்டும். உங்கள் கார்டு ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பும் ஆவணமாகச் செல்லாது. ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்புவதற்கான முன் அனுமதி, வாங்கிவிட்டு வந்திருந்தால் வேறு கதை. அதற்கு அமெரிக்காவில் நேரில் இருந்துகொண்டுதான் விண்ணப்பிக்க முடியும். மதுரையிலிருந்து வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு வருடம் தாண்டினால் எஸ்பி-1 விசா (திரும்பும் நிரந்தரவாசிக்கான விசா) கேட்டுத் தூதரகத்தில் நிற்க வேண்டும். திரும்ப முடியாமல் போனது உங்கள் கையை மீறிய காரணத்தால் என்று அங்கே நிரூபிக்க வேண்டும். "ஏஜென்ட் இழுத்தடித்தார்" என்பது எடுபடும் காரணம் இல்லை. ஆக, உங்களுக்கு இருப்பது இரண்டரை மாதம். கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட டிக்கெட்டை மாற்ற இடம் இருக்க வேண்டும்.

இனி ஏஜென்ட். குழந்தைக்கு விசிட்டர் விசா என்பதே தவறான யோசனை. டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் அப்பா அமெரிக்காவில் இருக்கிறாரா, எந்த அந்தஸ்தில் இருக்கிறார் என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், சுற்றிப் பார்த்துவிட்டு இந்தக் குழந்தை ஊர் திரும்பும் என்று எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். பொய் சொன்னால் அது உங்கள் தலையில் விடியும். ஒருவேளை விசா கிடைத்து, குழந்தையை அதில் கூட்டிப்போய் அங்கேயே வைத்துக்கொண்டால், கெடு முடிந்ததும் அவன் சட்ட அந்தஸ்து இல்லாத குழந்தை ஆகிவிடுவான். விதிப்படி நேராக நிரந்தரவாசியாக இறங்க வேண்டியவனுக்கு இது எதற்கு? அப்பாயின்ட்மென்ட் போட்டிருந்தால் இன்றே ரத்து செய்யச் சொல்லுங்கள்.

வழக்குப் போடலாமா என்றால், போடலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. ஆனால் இப்போது வேண்டாம். எதிரில் உட்கார்ந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்: பணத்தை மறந்துவிட்டு பாஸ்போர்ட்டை வாங்குங்கள். 75,000-ல் அவர் எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறாரோ அதை வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் கொடுக்காவிட்டாலும் சரி. "கணக்கு முடிந்தது" என்று எழுதிக் கேட்டால் எழுதிக் கொடுங்கள். பாஸ்போர்ட்டும் சான்றிதழும் உங்கள் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், முன்னால் அல்ல. அப்படியும் தரமாட்டேன் என்றால், 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதைப் பிணையாகப் பிடித்துவைக்கத் தனியாருக்கு உரிமையில்லை என்று ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அந்த வாரமே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று "பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது" எனப் புகார் கொடுத்துப் புதிதாக விண்ணப்பிப்பது. அது பொய்ப் புகார். அசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர், அதுவும் உங்கள் மேல் கோபத்தில், வெளியே இருக்கிறார்.

பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் இரண்டு இடத்தைப் பாருங்கள். குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில். நம் ஊரில் பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது வழக்கம், பிறந்த 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அப்புறம் தாயின் பெயர். கார்டில் உங்கள் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும். நமக்கு அது ஒரே ஆள். ஏர்லைன் கவுன்டரில் நிற்பவருக்கு இரண்டு ஆள். திருமணச் சான்றிதழ், உங்கள் இந்தியப் பாஸ்போர்ட், தேவைப்பட்டால் ஒரு பிரமாணப் பத்திரம் என்று இரண்டு பெயரையும் இணைக்கும் காகிதங்களைக் கையோடு வைத்திருங்கள். மகனைத் தனியாக அழைத்து வர சம்மதம் என்று கணவர் நோட்டரி கையெழுத்துடன் ஒரு கடிதம் அனுப்பட்டும்.

சிக்கல் பெரும்பாலும் அமெரிக்காவில் வருவதில்லை, இங்கே செக்-இன் கவுன்டரிலேயே வருகிறது. "குழந்தைக்கு விசா எங்கே?" என்பார்கள். அமெரிக்கச் சுங்கத்துறை விமான நிறுவனங்களுக்காக வெளியிடும் வழிகாட்டிக் கையேட்டில் இந்த விதிவிலக்கு இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். டிக்கெட் போடும்போதே நிறுவனத்துக்கு எழுதி, மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். லண்டன் வழியாகப் போகாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே ட்ரான்சிட் விசா கேட்பார்கள், கார்டு இருப்பதால் நீங்கள் தப்பலாம், குழந்தையிடம் கார்டும் இல்லை, விசாவும் இல்லை.

இறங்கியதும் உங்களைத் தனி அறைக்கு அனுப்புவார்கள். பயப்பட வேண்டாம், குழந்தைக்குப் பதிவு போடத்தான். முடிந்ததும் அவன் பாஸ்போர்ட்டில் என்ன எழுதினார்கள் என்று அங்கேயே பாருங்கள். என்ஏ3 என்ற வகை (கார்டு உள்ள தாய்க்கு வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கானது) இருக்க வேண்டும். விசிட்டர் என்று போட்டிருந்தால் அறையை விட்டு வெளியே வராமல் திருத்தச் சொல்லுங்கள். கார்டு வர வேண்டிய முகவரியையும் சரியாகக் கொடுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்ததால் உங்களையும் விசாரிக்கலாம். நீங்கள் வந்தது தற்காலிகப் பயணம்தான் என்பதற்குக் காகிதம் பேச வேண்டும்: மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, நியூஜெர்சி வீட்டு வாடகை ஒப்பந்தம், இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு, நிரந்தரவாசியாகத் தாக்கல் செய்த வரிக் கணக்கு. யாராவது ஐ-407 என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அது கார்டை நீங்களே விட்டுக்கொடுக்கும் படிவம், கட்டாயம் கிடையாது. குடியேற்ற நீதிபதி முன் விசாரணை வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கைக்குழந்தையோடு பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்த களைப்பில், "போட்டால் விட்டுவிடுவார்கள்" என்று போட்டுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் ஏற்கெனவே தனியாகப் போய் இறங்கிவிட்டவர்கள் இருந்தால், எஃப்2ஏ மனுவுக்கு ஓடுவதற்கு முன் உங்கள் கார்டின் முன்பக்கத்தில் 'கேட்டகரி' என்ற இடத்தைப் பாருங்கள். எஃப்41 (குடிமகனின் உடன்பிறப்பு), எஃப்42 (அவருடைய கணவன் அல்லது மனைவி) போல வரிசையில் நின்று வரும் முன்னுரிமைப் பிரிவாக இருந்தால், முதல் குடியேற்றத்தின்போதே இருந்த திருமணத்தில் பிறந்த குழந்தை, மூல விண்ணப்பதாரரின் (யாருக்காக முதல் மனு போடப்பட்டதோ அவரின்) பழைய வரிசைத் தேதியிலேயே பின்தொடர்ந்து வர உரிமை உண்டு. மாதக்கணக்கில் ஆகும்தான், ஆனாலும் புதிதாக வரிசையில் நிற்பதைவிட மேல். இதைத் தெரியாமல் புது மனு போட்டுக் காத்துக்கிடப்பவர்கள் நிறைய. குடியுரிமை பெற்ற மகனோ மகளோ அழைத்து ஐஆர்5 பிரிவில் போனவர்களுக்கு இந்த வழி இல்லை.

உங்கள் நாத்தனார் சொல்வதற்கும் பதில் இருக்கிறது. மகன் கிரீன் கார்டோடு உங்களுடன் அங்கே வளர்ந்தால், அவனுக்கு 18 வயது ஆவதற்குள் உங்களில் ஒருவர் குடியுரிமை பெறும் நாளில் அவனும் தானாகவே குடிமகன் ஆகிவிடுவான். 2001 பிப்ரவரி 27 முதல் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு அவன் முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும்.

இன்றிரவு கணவரிடம் பேசும்போது, தனியாக வரும் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாளைக் காலையில் ஏஜென்ட் ஆபீஸுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.