‘ஆம்’ என்ற குறி போதாது, கோப்பைக் கேளுங்கள்: அரசு அமைப்பின் சட்டக் கடமைகளைக் கண்காணிக்கும் முறை

கேள்வி: சிங்கப்பூரில் உரிமங்கள் வழங்கும் ஓர் ஆணைபெற்ற கழகத்தில், அதாவது சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசு அமைப்பில், பணிபுரிகிறேன். எங்கள் கழகம் தன் சட்டக் கடமைகளை எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறது என்று காலாண்டுக்கு ஒருமுறை மேலிடத்துக்கு அறிக்கை தரும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. எனக்கு முன் இருந்தவர் பதினொரு பிரிவுகளுக்கும் ஒரு படிவம் அனுப்புவார். ‘சட்ட விதிகளைப் பின்பற்றுகிறீர்களா?’ என்ற கேள்விக்கு எல்லாரும் ‘ஆம்’ என்று குறியிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நான் சட்டம் படித்தவள் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் படிவத்தை நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள். ‘ஆம்’ என்று குறியிட்டவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. தமக்குத் தெரிந்த கடமையை மனத்தில் வைத்துத்தான் யாரும் பதில் சொல்வார்கள். தவறிப்போகும் கடமையோ பெரும்பாலும் ‘இது நம் வேலை’ என்று யாருக்கும் தெரியாமலே கிடப்பது. அதைப் பிரிவுகளிடம் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. சட்டத்தைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும்.

முதல் வேலை, கடமைப் பதிவேடு. நடப்பில் உள்ள சிங்கப்பூர்ச் சட்டங்களும் துணை விதிகளும் ‘சிங்கப்பூர் ஸ்டேட்யூட்ஸ் ஆன்லைன்’ இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் கழகத்தை அமைத்த சட்டத்தைத் திறந்து, கழகமோ அதன் அதிகாரியோ எழுவாயாக வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே எடுங்கள். ‘மஸ்ட்’ (must) என்று வந்தால் கட்டாயம், ‘மே’ (may) என்று வந்தால் அதிகாரம். 2021 டிசம்பர் 31 அன்று நடப்புக்கு வந்த 2020 திருத்தப் பதிப்பில் கட்டாயத்தைக் குறித்த பழைய ‘ஷால்’ (shall) பெரும்பாலும் ‘மஸ்ட்’ ஆக மாறிவிட்டது. சட்டங்களை அத்தியாய எண்ணால் குறிப்பிடும் வழக்கமும் அப்போதே போய், ஆண்டால் குறிப்பிடும் வழக்கம் வந்தது. உங்கள் பிரிவுகளின் கையேடுகளில் இன்னும் அத்தியாய எண்கள் இருந்தால், அதற்குப் பின் யாரும் அவற்றைச் சட்டத்தோடு ஒப்பிடவில்லை என்று சந்தேகிக்கலாம். முதலில் சோதிக்க வேண்டிய பிரிவு அதுதான்.

‘மே’ என்று வரும் இடங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அதிகாரத்தைப் பயன்படுத்துவது விருப்பமாக இருக்கலாம். பயன்படுத்தும் முறை கட்டாயமாக இருக்கும். உரிமச் சட்டங்களில் அடிக்கடி வரும் வகை ஒன்றைப் பாருங்கள்: கழகம் உரிமத்தை ரத்து செய்யலாம், செய்யும் முன் எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், பதிலளிக்க 14 நாளுக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும், வந்த பதிலைக் கருத்தில் கொள்ள வேண்டும். படிக்கும்போது ஒரே வாக்கியம். பதிவேட்டில் அது நான்கு வரிசை, நான்குக்கும் சான்று வேண்டும். முதல் மூன்றுக்கும் அறிவிப்புக் கடிதத்தின் நகலே போதும். நான்காவதுக்குத்தான் கோப்பில் ஒன்றும் இருக்காது. உரிமதாரர் மூன்று பக்கம் பதில் எழுதியிருப்பார், அதற்கு அடுத்த தாள் ரத்து ஆணையாக இருக்கும். இடையில் யாராவது அந்தப் பதிலைப் படித்தார்களா, எந்த வாதத்தை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்பதற்கு ஒரு குறிப்பும் இருக்காது. ஒருவருடைய பிழைப்பைப் பறிக்கும் முடிவு அது. வழக்கு என்று வந்தால் முதலில் ஆட்டம் காணும் இடமும் அதுதான்.

ஒவ்வொரு வரிசையிலும் சட்டப் பிரிவு எண், நீங்கள் படித்த பதிப்பின் தேதி, கடமையைத் தூண்டும் நிகழ்வு, காலக்கெடு, சான்றாக இருக்க வேண்டிய ஆவணம், பொறுப்பான பதவி ஆகியவை இருக்கட்டும். ஆளின் பெயரை எழுதாதீர்கள், பதவியை எழுதுங்கள். அவர் விடுப்பில் போனால் யார் என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் சொந்தச் சட்டத்தோடு எல்லா அரசு அமைப்புகளுக்கும் பொதுவான சட்டங்களும் சேரும். இங்கே ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது: 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைப் பதிவேட்டில் எழுதி வைத்துவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் தகவல் பாதுகாப்புக் கடமைகள் பொது அமைப்புகளுக்குப் பொருந்தா. உங்களுக்குப் பொருந்துவது 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுமைச் சட்டம். அனுமதியின்றித் தகவலை வெளியிடும் அதிகாரிக்கு அதன்படி 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஆனால் உங்களுக்காக வேலை செய்யும் தனியார் ஒப்பந்ததாரர் 2021 பிப்ரவரி முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவர். ஒரே தகவல் தொகுப்பை நீங்கள் ஒரு சட்டப்படியும் அவர் இன்னொரு சட்டப்படியும் காக்க வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் இது தெளிவாக இருக்கிறதா என்பதையும் ஒரு வரிசையாகச் சேருங்கள். அரசாங்கத்தின் உள் வழிகாட்டுக் கையேடுகளைத் தனித் தாளில் வையுங்கள். கையேட்டை மீறுவதும் சட்டத்தை மீறுவதும் ஒரே கனமுடையவை அல்ல. இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் கலந்தால் பெரிய மீறல் சின்ன மீறல்களுக்கு நடுவே புதைந்துவிடும்.

அடுத்தது நாள் கணக்கு. கண்காணிப்பில் மிக அதிகமாகப் பிழை நுழைவது இங்கேதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம். உங்கள் சட்டம் வேறு மாதிரி சொல்லாத வரை, இன்டர்பிரடேஷன் ஆக்ட் எனப்படும் 1965ஆம் ஆண்டின் பொருள்விளக்கச் சட்டத்தின் 50ஆம் பிரிவு பொருந்தும். நிகழ்வு நடந்த நாள் கணக்கில் சேராது. கடைசி நாள் ஞாயிறாகவோ பொது விடுமுறையாகவோ இருந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிப் போகும். சனிக்கிழமைக்கு இந்தச் சலுகை கிடையாது. உங்கள் அலுவலகம் சனிக்கிழமை மூடியிருப்பது சட்டத்துக்குப் பொருட்டே இல்லை.

2026 தீபாவளியை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது நவம்பர் 8, ஞாயிறு. ஞாயிறில் விழுவதால் திங்கட்கிழமை 9ஆம் தேதியும் பொது விடுமுறை. 14 நாளில் முடிவு சொல்ல வேண்டிய விண்ணப்பம் அக்டோபர் 25 ஞாயிறன்று இணையம் வழி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினான்காவது நாள் நவம்பர் 8. அது ஞாயிறு, மறுநாளும் விடுமுறை, எனவே கெடு 10ஆம் தேதி செவ்வாய். அதே விண்ணப்பம் ஒரு நாள் முன்னதாக, அக்டோபர் 24 சனிக்கிழமை வந்திருந்தால் கெடு நவம்பர் 7, சனி. தள்ளிப் போகாது. நடைமுறையில் வெள்ளி மாலைக்குள் முடிவு வெளியே போயிருக்க வேண்டும். ஒரு நாள் முன்னே வந்த விண்ணப்பத்துக்குக் கெடு மூன்று நாள் முன்னதாகவே முடிகிறது. செயல்முறையில் பார்த்தால் நான்கு.

கெடு ஆறு நாளோ அதற்குக் குறைவோ என்றால் கணக்கு மாறும்: இடையில் வரும் ஞாயிறும் பொது விடுமுறையும் எண்ணப்படவே மாட்டா. நவம்பர் 6 வெள்ளியிலிருந்து ஐந்து நாள் என்றால், 7 சனி ஒன்று, 10 செவ்வாய் இரண்டு என்று போய் 13 வெள்ளியில் முடியும். ‘மாதம்’ என்றால் நாட்காட்டி மாதம். உங்கள் மென்பொருள் அதை 30 நாளாகக் கணக்கிடுகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கெடுவே சொல்லாத கடமைகளை ‘காலக்கெடு இல்லை’ என்று எழுதி மூடிவிடாதீர்கள். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, காலம் குறிப்பிடப்படாத காரியத்தை வசதிப்பட்ட விரைவில் செய்து முடிக்க வேண்டும் என்கிறது. ஹவ்காங் இடைத்தேர்தல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் சொன்னதும் இந்தத் திசையில்தான்: காலியான தொகுதியை நிரப்ப அரசமைப்புச் சட்டம் கெடு விதிக்கவில்லை என்றாலும், விரும்பியபோது நடத்தலாம் என்றாகிவிடாது, நியாயமான காலத்துக்குள் நடத்த வேண்டும். எனவே இத்தகைய கடமைகளுக்கு உங்கள் கழகமே ஒரு நியாயமான அளவை நிர்ணயித்து, காரணத்தோடு எழுதி வைக்கட்டும். அந்த அளவைத் தாண்டினால் ஏன் என்று கோப்பில் விளக்கம் இருக்க வேண்டும்.

இனி சோதனை. பிரிவிடம் ‘செய்தீர்களா’ என்று கேட்காதீர்கள்; ‘இந்த எண்ணுள்ள கோப்பைக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். எண்ணை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் குருட்டாம்போக்கில். பிரிவே தேர்ந்தெடுத்தால் அழகான கோப்புகள்தான் வரும். எத்தனை எடுப்பது? 25 கோப்புகளில் பிழை ஒன்றும் இல்லை என்றால் பலர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். அந்த நிலையிலும் உண்மையான பிழை விகிதம் 11 விழுக்காடு வரை இருக்க இடமுண்டு. 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடியது அவ்வளவுதான். 59 கோப்புகளில் ஒன்றும் இல்லை என்றால்தான் 5 விழுக்காட்டுக்குள் என்று சொல்லலாம். ரத்து, மறுப்பு போன்ற கடுமையான முடிவுகள் காலாண்டுக்குச் சிலவே இருக்கும். அவற்றில் மாதிரி எடுக்காமல் எல்லாவற்றையும் பாருங்கள்.

கோப்பைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதை. மின்னஞ்சல் வந்த நேரம் வெள்ளி மாலை, கணினியில் பதிவான நாள் திங்கள் என்றால், கணினி காட்டும் காலத்தில் மூன்று நாள் காணாமல் போயிருக்கும். சில சட்டங்களில் முழுமையான விண்ணப்பம் கிடைத்த பிறகே கெடு தொடங்கும். அங்கே ‘இன்னும் ஓர் ஆவணம் தேவை’ என்று எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள் என எண்ணுங்கள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மூன்றாவது முறையாக ஓர் ஆவணம் கேட்கப்பட்டிருந்தால், அது உண்மையில் தேவைப்பட்டதா என்று விசாரியுங்கள்.

பிறகு, கையொப்பமிட்டவருக்கு அந்த அதிகாரம் முறையாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரிவுகளை மாற்றியமைத்த பிறகு பதவிப் பெயர் மாறியிருக்கும், அதிகார ஒப்படைப்பு ஆவணத்தில் பழைய பெயரே இருக்கும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் யாரும் செய்வதில்லை.

அறிக்கையில் விழுக்காடு எழுதும்போது எதை எதால் வகுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். காலாண்டில் 200 விண்ணப்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். 170 முடிந்தன, அவற்றில் 165 கெடுவுக்குள். முடிந்தவற்றை மட்டும் எடுத்தால் 97 விழுக்காடு. முடியாத 30இல் 22 விண்ணப்பங்களின் கெடு ஏற்கெனவே கடந்துவிட்டது. கெடு வந்த 192இல் 165 என்று வகுத்தால் 86 விழுக்காடு. முதல் கணக்கில் அந்த 22 பேரும் இல்லவே இல்லை. கோப்பு முடியாமல் இருக்கும் வரை அவர்கள் எந்த அட்டவணையிலும் வரமாட்டார்கள். காத்திருப்பவர்கள் அவர்கள்தான். ஆகவே 86ஐ எழுதி, அதன் கீழே கெடு கடந்த ஒவ்வொரு கோப்பும் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்ற பட்டியலையும் சேருங்கள்.

மீறல் ஒன்றைக் கண்டுபிடித்தால் அன்றே இரண்டு கேள்விகளைச் சட்டப் பிரிவிடம் அனுப்புங்கள்: இந்த முடிவு இன்னும் செல்லுமா? பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டுமா? விடுபட்ட குறிப்பு ஒன்றை இப்போது எழுத வேண்டியிருந்தால் இன்றைய தேதியில் எழுதச் சொல்லுங்கள். தாமதமான குறிப்பு ஒரு குறை, அவ்வளவுதான். முன் தேதியிட்ட குறிப்போ நேர்மைப் பிரச்சினையாகி, நல்ல கோப்புகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். தணிக்கைக்காகத் தரப்பட்ட ஆவணங்களின் நம்பகத்தன்மை பற்றித் தலைமைக் கணக்காய்வாளர் தம் அறிக்கைகளில் ஒருமுறைக்கு மேல் எழுதியிருக்கிறார். அவர் அதிபரால் நியமிக்கப்படுபவர்; அவரது ஆண்டறிக்கை அதிபரிடம் போய், நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, அதன் பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்கும் வருகிறது. அது வெளியானதும் மற்ற அமைப்புகளைப் பற்றிய பகுதிகளைப் படித்து, ஒவ்வொரு குறையும் உங்களிடம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதைவிட நல்ல சோதனைப் பட்டியல் இலவசமாகக் கிடைக்காது.

சட்டம் மாறுவதையும் யாராவது கவனிக்க வேண்டும். மசோதா நிறைவேறிய நாளும் அது நடப்புக்கு வரும் நாளும் வேறு. ஒரே திருத்தச் சட்டத்தின் பிரிவுகள் வெவ்வேறு நாள்களில் தொடங்குவதும் உண்டு. அரசிதழில் வரும் தொடக்க அறிவிப்பை வாரம் ஒருமுறை பார்ப்பதைப் பதிவேட்டிலேயே ஒரு கடமையாக எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றையும் முதல் காலாண்டிலேயே செய்ய முயலாதீர்கள். உங்கள் முதன்மைச் சட்டம் ஒன்றை மட்டும் முழுதாகப் பதிவேட்டில் ஏற்றி, பொதுமக்களை நேரடியாகப் பாதிக்கும் கடமைகளை மட்டும் சோதியுங்கள். அறிக்கையை உங்கள் பிரிவுத் தலைவர் வழியாக மட்டும் அனுப்பாமல், தணிக்கைக் குழுவுக்கும் நேரடி நகல் போக முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். இதுவரை எல்லாமே ‘ஆம்’ என்று இருந்த இடத்தில் இந்த முறை 86 போன்ற ஓர் எண் வரும். அறிக்கை மேசைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே தலைமை நிர்வாகியை நேரில் பார்த்து, பழைய படிவத்தையும் கெடு கடந்த கோப்புகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண் ஏன் மாறியது என்று சொல்லிவிடுங்கள்.