ஊருணிக்கு நீங்க குடுத்த காசுக்கு கணக்கு கேக்கலாம் ஆச்சி

சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு ஆச்சி எழுதியிருக்காங்க. ஊருணிய தூர்வாரி நாலு பக்கமும் படி கட்டணும்னு ஊர்ல வசூல் பண்ணி, மலேசியாவுல இருக்குற அவங்க தம்பியும் ஒரு பெரிய தொகை போட்டு, நமக்கு நாமே திட்டத்துல மக்கள் பங்குத்தொகையா டிடி எடுத்து கட்டியிருக்காங்க. கிழக்குப் பக்கப் படி மட்டும் முடிஞ்சுது, அதுவும் ஒரு மழைக்கே விரிசல் விட்டுருச்சு. வடக்குப் பக்கம் பழைய செம்புறாங்கல்ல பேத்துப் போட்டது போட்டபடியே கெடக்கு. ஊராட்சில போய் கேட்டா, "வேலை முடிஞ்சு பில் பாஸ் ஆயிருச்சு, நீங்க குடுத்தது நன்கொடை, அதுக்கெல்லாம் கணக்கு கேக்க முடியாது"ன்னுட்டாங்களாம். தம்பி போன்ல இனிமே ஊருக்கு ஒத்தக் காசு தரமாட்டேன்னு சொல்றாராம். யார்கிட்ட போறதுன்னு ஆச்சி கேக்குறாங்க.

ஆச்சி, அந்தப் பதில் சட்டப்படி தப்பு. நமக்கு நாமேல பொதுவா மதிப்பீட்டுல மூணுல ஒரு பங்கு மக்கள் போட்டா மீதிய அரசாங்கம் போடும், கலெக்டர் நிர்வாக அனுமதி குடுப்பாரு. உங்க காசு அதுல சேந்த நிமிஷமே அது பொதுப்பணம் ஆயிருச்சு, பொதுப்பணம்னா எஸ்டிமேட், எம் புக்னு சொல்ற அளவுப் புத்தகம், பில், ஆடிட் எல்லாம் இருந்தே ஆகணும். இன்னொண்ணு, காசே குடுக்காத ஆளா இருந்தாலும் அந்த ஊர் வாக்காளர்னா இதே கேள்விய கேக்கலாம், அதனால ஊர்ல மத்தவங்களையும் கூட சேத்துக்குங்க.

ஊராட்சிக்கு காசு எங்கெருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா ஏமாத்துறது கஷ்டம். வீட்டு வரி, குடிதண்ணிக் கட்டணம் மாதிரி சொந்த வருமானம் கொஞ்சம்தான். பெரிய வீடுகள்லாம் பூட்டிக் கெடக்குற நம்ம ஊர்கள்ல அந்த வரியும் முழுசா வசூலாகுறதில்ல. அடுத்தது மாநில நிதிக்குழு மானியம். அப்பறம் மத்திய நிதிக்குழு மானியம், 15ஆவது நிதிக்குழு 2021-22ல இருந்து 2025-26 வரைக்கும் குடுத்ததுல 60 சதவீதம் இதுக்குத்தான்னு கட்டிப்போட்ட பணம், 30 குடிதண்ணிக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், 30 சுகாதாரத்துக்கும். இதை ஏன் சொல்றேன்னா, ஒரே ஊருணி வேலைய நமக்கு நாமேலயும் காட்டி நிதிக்குழு மானியத்துலயும் காட்டியிருக்காங்களான்னு பாக்கணும். இ-கிராம் ஸ்வராஜ்னு அரசாங்க வெப்சைட் இருக்கு, அதுல உங்க ஊராட்சி பேரப் போட்டா நிதிக்குழு பணத்துல என்ன வேலை எடுத்தாங்க, எவ்வளவு செலவுன்னு வரும், உங்க தம்பி மலேசியாவுல உக்காந்துக்கிட்டே பாக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம், எம் புக். ஓவர்சியர் வேலை நடந்த எடத்துல நீளம் அகலம் உயரம் அளந்து அதுல எழுதினாத்தான் பில் போட முடியும். வேலை முடிஞ்சுருச்சுன்னா வடக்குப் படிக்கும் அளவு எழுதியிருக்கணும்ல? எழுதியிருந்தா அது பொய்க் கணக்கு, எழுதலேன்னா வேலை பாக்கி, ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்க பக்கம்தான் பலம்.

அதை வாங்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கு. வெள்ளைத் தாள்ல பொதுத் தகவல் அலுவலர், யூனியன் ஆபீஸ்னு எழுதி 10 ரூபா கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி பதிவுத் தபால்ல அனுப்புங்க. நிர்வாக அனுமதி உத்தரவு, எஸ்டிமேட், எம் புக் பக்கங்கள், பில், வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்த போட்டோ, இந்த நகல்கள மட்டும் கேளுங்க. "ஏன் செய்யல"ன்னு கேக்காதீங்க, ஏன்ங்குறதுக்கு பதில் சொல்லத் தேவையில்லன்னு தள்ளிவிட்டுருவாங்க. ஆபீஸ் மாறிப் போனாலும் 6(3) பிரிவுப்படி அவங்களே சரியான ஆபீசுக்கு அனுப்பணும். 2(ஜே) பிரிவுல வேலைய நேர்ல ஆய்வு பண்ணவும் பொருளோட மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கு, நெறைய பேருக்கு இது தெரியாது. விரிசல் விட்ட படியோட கலவை மாதிரியவே சான்றொப்பத்தோட கேக்கலாம். 30 நாள்ல பதில் வரலேன்னா அடுத்த 30 நாளுக்குள்ள மேல்முறையீடு போடுங்க, அதுவும் ஆகலேன்னா தகவல் ஆணையம்.

கூடவே கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு வருஷத்துக்கு ஆறு தடவ கூடணும். அங்க எந்திரிச்சு ஊருணி கணக்க வாசிக்கச் சொல்லுங்க, நீங்க சொன்னது தீர்மான நோட்டுல ஏறுச்சான்னு பாத்துட்டு அப்பறமா கையெழுத்துப் போடுங்க. எதுவும் எழுதாத வெத்து நோட்டுல மட்டும் கையெழுத்துப் போட்றாதீங்க, உங்க ஊர்ல போன தடவ அப்படித்தான் நடந்துருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. 2019ல தேர்ந்தெடுத்த தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ல முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போச்சு, தலைவர் இல்லன்னு கிளார்க் கைவிரிச்சா ஒத்துக்காதீங்க, பொறுப்புல இருக்குற அதிகாரி பதில் சொல்லணும். கோட்டையூர், கண்டனூர் பக்கம் காரைக்குடி மாநகராட்சியோட சேந்த ஊர்க்காரங்களுக்கு மட்டும் இந்த கிராம சபை வழி பொருந்தாது.

காகிதம் கைக்கு வந்ததும் கலெக்டருக்கு மனு குடுங்க, ஊராட்சிகளோட ஆய்வாளர் சட்டப்படி அவருதான். திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல குடுத்து ரசீது வாங்கிக்குங்க. உள்ளாட்சி முறைகேடுகள விசாரிக்கிற முறைமன்ற நடுவர்கிட்டயும் புகார் போகலாம், அதுக்குன்னே 2014ல சட்டம் இருக்கு. எதுவும் நகரலேன்னா ஹைகோர்ட் மதுரைக் கிளைல ரிட் மனு போடலாம், ஆனா மனு குடுத்த ரசீது இல்லாம அங்க போயி பிரயோஜனமில்ல. அதுவரைக்கும் வாட்ஸ்ஆப் குரூப்ல யார் பேரையும் போட்டு திருடன்னு எழுதாதீங்க, தம்பிகிட்டயும் சொல்லிருங்க, அவதூறு கேஸ் போட்டு உங்களையே அலைய விட்டுருவாங்க.

ஒரே ஒரு அவசரம். ஐப்பசி மழை புடிச்சு ஊருணி நெறைஞ்சுட்டா கீழ்ப்படி எல்லாம் தண்ணிக்குள்ள போயிரும், தை மாசி வரைக்கும் யாராலயும் அளக்க முடியாது. அதனால இந்த வாரமே டேப் புடிச்சு கிழக்குப் படிய அளந்து, வடக்குப் பக்கம் குவிச்ச கல்ல, எடுத்த தேதி தெரியுற மாதிரி போட்டோ எடுத்து, ஊர்க்காரங்க ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி வைங்க. டிடி ஜெராக்ஸ் தம்பிகிட்ட இருந்தா அதையும் சேத்து ஒரே பைல்ல போட்டுருங்க.