எம்மிட் ஸ்மித்தா, ஜிம் பிரவுனா?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடுபவர்களை, ஓடி முன்னேறிய தூரத்தை வைத்து யார்டில் அளப்பார்கள். மொத்த யார்டை விடுங்கள், ஒரு ஆட்டத்துக்கு எத்தனை என்று பாருங்கள். 18,355 யார்டு ஓடிய எம்மிட் ஸ்மித்தைத் தாண்டி 12,312 யார்டு ஓடிய ஜிம் பிரவுனை ஏன் முதலில் சொல்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

ஸ்மித் 15 சீசன், 226 ஆட்டம். பிரவுன் 9 சீசன், 118 ஆட்டம். வகுத்துப் பாருங்கள்: ஸ்மித்துக்கு 81 சொச்சம், பிரவுனுக்கு 104.3. அவர் வந்த 1957-ல் ஒரு சீசனுக்கே 12 ஆட்டம்தான்; இப்போது 17. ஆடிய 9 சீசனில் 8-ல் லீக்கிலேயே அதிக யார்டு ஓடியவர் அவர்தான். அப்புறம் 1966-ல், இங்கிலாந்தில் சினிமா படப்பிடிப்பில் இருந்தபோதே ஓய்வை அறிவித்துவிட்டார். ஒவ்வொரு முறை வீழ்த்தப்பட்ட பிறகும் வேண்டுமென்றே மெதுவாக எழுந்து நடப்பார். அடிபட்டதா இல்லையா என்று எதிரணிக்குத் தெரியவே தெரியாது.

இதே கணக்கை இன்னொரு ஓட்டக்காரரான பேரி சாண்டர்ஸுக்கும் போடுங்கள்: 153 ஆட்டத்தில் 15,269, அதாவது 99.8. பார்க்க அழகு என்றால் என் ஓட்டு அவருக்குத்தான்.

ஆனால் ஒன்று. சராசரி, சீக்கிரம் விலகியவர்களுக்குச் சாதகம். ஸ்மித் தேய்ந்துபோன கடைசி வருடங்களையும் சேர்த்து ஆடினார். சக வீரர் வீசும் பந்தைப் பிடிக்கும் திறமையும் இதில் வராது; 1999 சீசனில் மார்ஷல் ஃபால்க் என்ற ஓட்டக்காரர் ஓடியும் பிடித்தும் தலா ஆயிரம் யார்டைத் தாண்டியவர்.