எலிவரிசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில் சில ஆண்டுகளாக வசிக்கிறேன். என்னுடன் பணிபுரியும் அமெரிக்கர் ஒருவரின் மகன் லெக்சிங்டனிலுள்ள வர்ஜீனியா மிலிட்டரி இன்ஸ்டிடியூட்டில் முதலாண்டு படிக்கிறான். ஆகஸ்டில் அவனைக் கொண்டுபோய் விட்டுவந்த நாள் முதல் அவர் அவனை ‘எலி’ என்றே குறிப்பிட்டு வந்தார். முதலில் செல்லப்பெயர் என்றுதான் நினைத்தேன். அங்கே முதலாண்டு மாணவர் எல்லோருக்குமே அதுதான் பெயராம். மூத்த மாணவர்கள் அவர்களை விறைத்து நடக்கவைப்பதும், தண்டால் எடுக்கவைப்பதும், முகத்துக்கு நேரே நின்று கத்துவதும் மாதக்கணக்கில் நடக்கிறதாம். இந்த முறைக்கு ‘எலிவரிசை’ என்று பெயராம். சென்ற வாரம் அவர் அலுவலகத்துக்குக் கேக் வாங்கிவந்தார். ‘பிரேக் அவுட்’ முடிந்துவிட்டது, இனி என் மகன் எலி அல்ல, அவனுடைய வகுப்பை அங்கீகரித்துவிட்டார்கள் என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

எனக்கு வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை. நான் தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவன். இதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. அதைத் தடுக்கச் சட்டமும் உண்டு. சீருடை போட்டுக்கொண்டு செய்தால் ராகிங் பயிற்சியாகிவிடுமா? துன்புறுத்தப்பட்டவர்களே பிறகு அதைப் பெருமையாகப் பேசுவது எப்படி? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர், ரோனோக்

அன்புள்ள நண்பருக்கு,

எலிவரிசைக்கும் ராகிங்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கடுமையின் அளவில் தேடினால் கிடைக்காது. நீங்கள் பட்டியலிட்டவை இரண்டிலும் உண்டு. எலிவரிசையில் அவை கூடுதலாகவே உண்டு. கேட்கவேண்டிய கேள்வி வேறு: கடுமை காட்டுகிறவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்?

என் கல்லூரி விடுதியில் இரவு பதினொரு மணிக்குமேல் முதலாண்டு மாணவர்களை மொட்டைமாடிக்கு அழைப்பார்கள். அங்கே என்ன நடக்கும் என்பது அன்றைக்கு அழைத்தவரின் மனநிலையைப் பொறுத்தது. ஒருநாள் அது நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவர்களுக்குத் தேர்வு நெருங்கியிருக்கலாம். அவர்களில் இருவர் பிற்பாடு எனக்கு நண்பர்களானார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்த நட்பு மொட்டைமாடியில் முளைத்ததல்ல. அங்கே எங்களைப் பற்றி எவரும் எவருக்கும் பொறுப்பாளியாக இருக்கவில்லை.

வர்ஜீனியா மிலிட்டரி இன்ஸ்டிடியூட், சுருக்கமாக வி.எம்.ஐ., 1839இல் தொடங்கப்பட்ட மாநில அரசின் ராணுவக் கல்லூரி. வெஸ்ட் பாயின்ட் போல நாட்டு ராணுவம் நேரடியாக நடத்தும் அகாடமி அல்ல என்றாலும், மாணவர்கள் சீருடையில், ஒரே விடுதிக் கட்டடத்தில், ராணுவ ஒழுங்கில் வாழ்கிறார்கள். நடுவில் முற்றம், அதைச் சுற்றி நான்கு தளங்களில் நடைபாதைகள். அந்த நடைதளத்தை அவர்கள் ‘ஸ்டூப்’ என்கிறார்கள். இறுதியாண்டினர் தரைத்தளத்தில் இருப்பார்கள், எலிகள் உச்சியிலுள்ள நான்காம் தளத்தில். ஆண்டுக்கொரு தளமாக அவர்கள் கீழே இறங்கி வருவதுதான் அங்கே உயர்வு என்பது எனக்கு எப்போதும் பிடித்த முரண். எலிவரிசை என்பது முதலில் ஒரு நேர்ப்பொருள் கொண்ட சொல்: கட்டடத்துக்குள் எலிகள் நடந்தாகவேண்டிய வகுக்கப்பட்ட பாதை. மோவாயை உள்ளிழுத்து, தோளை விறைத்து, மூலைகளில் செங்கோணமாகத் திரும்பி அதில் நடக்கவேண்டும். கல்லூரியின் வரலாறும் விதிகளும் அடங்கிய ஒரு கையேட்டை மனப்பாடம் செய்து, கேட்ட இடத்தில் ஒப்பிக்கவேண்டும். அதற்கு ‘எலி பைபிள்’ என்று பெயர்.

வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இவ்வளவுதான் தெரியும். தெரியாமல் போவது, ஒவ்வோர் எலிக்கும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் வழிகாட்டியாக இருக்கிறார் என்பது. அவருக்கு ‘டைக்’ என்று பெயர். அணிவகுப்புக்கான குறுக்குவார்களை அணிந்துகொள்ள எலி அவருக்கு உதவுவதிலிருந்து வந்த சொல். அவருடைய அறையில்தான் எலி தோளைத் தளர்த்தி உட்காரலாம், மனம்விட்டுப் பேசலாம். எலிவரிசையை நடத்துவதும் இறுதியாண்டு வகுப்பே என்பதால், கத்துகிற வகுப்பும் காக்கிற வகுப்பும் ஒன்றாகவே இருக்கிறது. என் மொட்டைமாடியில் இல்லாமல் போனது அந்த அறைதான்.

அடுத்தது முடிவு. பிரேக் அவுட் எந்த நாள் என்று எலிகளுக்குச் சொல்லப்படுவதில்லை. பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே வரும். ஆனால் வரும் என்பது உறுதி. அன்றுவரை அவர்கள் ஒரு வகுப்பாகவே கணக்கில் இல்லை, வெறும் எலிக்கூட்டம். அதன்பிறகுதான் நான்காம் வகுப்பு (முதலாண்டினருக்கு அங்கே அதுதான் பெயர்) என்ற பெயரும், தங்களுக்கான பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வருகின்றன. இந்த அங்கீகாரத்தை எவரும் தனியாகப் பெறமுடியாது. ஓட்டத்தில் முதலாவதாக வருபவன் ஒரு நாள்கூட முன்னதாக வெளியேற முடியாது. அவன் வெளியேற வேண்டுமென்றால் கடைசியாக ஓடிவருபவனையும் இழுத்துக்கொண்டு வந்தாகவேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் வாழ்நாள் முழுவதும் ‘சகோதர எலி’ என்று அழைத்துக்கொள்வதன் காரணம் இதுதான். உங்கள் நண்பர் ‘என் மகனை’ என்று சொல்லாமல் ‘அவனுடைய வகுப்பை’ அங்கீகரித்தார்கள் என்று சொன்னதைக் கவனித்தீர்களா?

துன்பப்பட்டவர்களே பெருமை பேசுவது எப்படி என்ற உங்கள் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போன ஒன்று. வி.எம்.ஐ. பெண்களைச் சேர்க்க மறுத்தபோது, தனியறை வாழ்வே இல்லாத, சதா நெருக்கடி தருகிற இந்தப் பயிற்சிமுறை பெண்கள் வந்தால் சிதைந்துவிடும் என்பது அதன் முக்கிய வாதம். 1996 ஜூன் 26 அன்று ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு கல்லூரிக்கு எதிராக வந்தது. அதை எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், எலிவரிசையை ஒரே வாக்கியத்தில் விளக்கியிருக்கிறார்: வதைத்தும் தண்டித்தும் அது புதியவர்களை முதலில் உடன் துன்புறுவோரோடு பிணைக்கிறது, ஏழு மாத அனுபவம் முடிந்தபின் தம்மை வதைத்தவர்களோடும் பிணைக்கிறது. பாராட்டா விமர்சனமா என்று பிரிக்க முடியாத வாக்கியம் அது. கல்லூரியின் நிர்வாகக் குழு ஒன்பதுக்கு எட்டு என்ற நூலிழைப் பெரும்பான்மையில் தீர்ப்பை ஏற்றது. 1997 ஆகஸ்டில் 30 பெண்கள் எலிகளாகச் சேர்ந்தார்கள். முறை சிதையவில்லை. (அதே 1996இன் நவம்பரில்தான் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். நீங்கள் குறிப்பிடும் தமிழ்நாட்டுச் சட்டம் அதைத் தொடர்ந்து 1997இல் வந்தது.)

இதுவரை நான் எழுதியதைப் படித்துவிட்டு, நான் அந்த முறைக்கு வக்காலத்து வாங்குவதாக நீங்கள் நினைக்கலாம். அப்படியல்ல. வகுக்கப்பட்ட வரம்பு வேறு, அந்த வரம்பு காக்கப்படுவது வேறு.

ஜார்ஜ் மார்ஷல் 1897இல் பதினாறு வயதில் வி.எம்.ஐ.யில் எலியாகச் சேர்ந்தார். டைபாய்டு காய்ச்சலிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்தார். மூத்த மாணவர்கள் துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியான பயனெட் ஒன்றை நிமிர்த்தி நட்டு, அதன் முனைக்குமேல் குந்தியிருக்கச் சொன்னார்கள். உடல் பலவீனத்தில் சறுக்கியதில் கத்தி அவரைப் படுமோசமாகக் கீறியது. நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மௌனத்தால் மூத்தவர்களிடையே அவருக்கு மதிப்பு உயர்ந்தது. 1901இல் கேடட்டுகளின், அதாவது ராணுவக் கல்லூரி மாணவர்களின், மிக உயர்ந்த பொறுப்பான முதல் கேப்டனாக வெளியேறினார். அவர்தான் பின்னாளில் இரண்டாம் உலகப் போர் முழுவதும் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்து, ஐரோப்பிய மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 1953இல் அமைதி நோபல் பரிசு பெற்ற மார்ஷல்.

இந்தக் கதை பெரும்பாலும் மார்ஷலின் மனவுறுதிக்குச் சான்றாகவே சொல்லப்படுகிறது. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். பதினாறு வயதுச் சிறுவனின் உறுதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய மௌனத்தால் பயன்பெற்றவர்கள் பயனெட்டை நட்டவர்கள். அங்கீகாரம் தேடுபவன் வாய் திறக்க மாட்டான் என்பதை எல்லோரும் அறிந்திருக்கும் இடத்தில் எழுதிவைத்த வரம்பு யாரைக் காக்கும்?

ஏறக்குறைய அதே காலத்தில் வெஸ்ட் பாயின்டில் இந்தக் கேள்வி பகிரங்கமாக எழுந்தது. 1898இல் அங்கே சேர்ந்து சில மாதங்களிலேயே விலகிய ஆஸ்கர் பூஸ் என்ற இளைஞர் 1900 டிசம்பரில் காசநோயால் இறந்தார். மூத்த மாணவர்கள் காரச்சாற்றை வற்புறுத்தி விழுங்கவைத்ததுதான் காரணம் என்று குடும்பத்தினர் குற்றம்சாட்ட, நாடாளுமன்றக் குழு விசாரணையில் இறங்கியது. மரணத்துக்கு அது காரணமல்ல என்று குழு முடிவு செய்தாலும், அகாடமியில் நடந்துவந்த கொடுமைகள் ஏட்டில் ஏறின. 1901இல் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்களில் ஒருவர், பின்னாளில் இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற அமெரிக்கத் தளபதியான டக்ளஸ் மக்ஆர்தர். சேர்ந்த கோடையில் ஓயாமல் பஸ்கி எடுக்கவைக்கப்பட்டு அவர் மயங்கிச் சரிந்திருந்தார். அவரும் தனக்கு நேர்ந்ததைக் குறைத்துச் சொல்லி, துன்புறுத்தியவர்களைக் காட்டிக்கொடுப்பதைக் கூடியவரை தவிர்த்தார். மார்ஷலும் அவரும் பிற்காலத்தில் ஒருவரையொருவர் பெரிதாக விரும்பியதில்லை. இந்த ஒன்றில் ஒற்றுமை. ஆனால் மக்ஆர்தர் 1919இல் அதே அகாடமிக்குத் தலைவராகத் திரும்பியபோது, புதியவர்களின் கோடைப் பயிற்சியை மூத்த மாணவர்களின் கையிலிருந்து எடுத்து அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். கேடட்டாகச் சொல்லாமல் விட்டதை அவர் இப்படித்தான் சொன்னார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதைவிடக் கசப்பான கதை ஒன்று உண்டு. 1932இல் வெஸ்ட் பாயின்டில் சேர்ந்த பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியர் கறுப்பினத்தவர். அலுவல் காரணமின்றி அவரோடு எவரும் பேசக்கூடாது என்று சக கேடட்டுகள் கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். தனியறையில் வாழ்ந்தார், உணவு மேசையில் பேச்சில்லாமல் உண்டார். முதலாண்டு எல்லோருக்கும் முடிந்தது, அவருக்கு முடியவில்லை. நான்காண்டும் அப்படியே கழிந்தது. 1936இல் 276 பேரில் 35ஆவதாகத் தேறினார். அவ்வாண்டு மலரில் அவர் படத்தின்கீழ் வகுப்புத் தோழர்கள் எழுதிய குறிப்பு வியப்பானது: முதலாண்டைவிட ஒப்பிடமுடியாத அளவு கடினமான ஒரு சிக்கலை அவர் வென்ற துணிவும் விடாமுயற்சியும் வகுப்புத் தோழர்களின் உளமார்ந்த பாராட்டைப் பெற்றன என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிக்கல் தாங்கள்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. பாராட்டியவர்கள் அதுவரை அவரிடம் பேசியிராதவர்கள். பின்னாளில் அமெரிக்க விமானப்படையின் முதல் கறுப்பின ஜெனரலானார். வெஸ்ட் பாயின்டில் 2017 முதல் ஒரு விடுதிக் கட்டடம் அவர் பெயரில் நிற்கிறது.

வி.எம்.ஐ.யும் இதற்கு விலக்கல்ல. அங்கே கறுப்பின மாணவர்கள் சேர்ந்ததே 1968இல்தான். மாநில அரசு ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை 2021இல் வெளியானபோது, இனப் பாகுபாடும் பாலினப் பாகுபாடும் அங்கே இருப்பதோடு, சகித்துக்கொள்ளவும்படுகின்றன என்று அது எழுதியது. எழுதிவைத்த விதிகளும், டைக்கும், முடிவுநாளும் எல்லாம் இருந்த இடம் அது. ஆகவே ராகிங்குக்கும் இதற்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது என்பேன்; ஆனால் அந்தக் கோட்டை ஒவ்வோராண்டும் புதிதாக வரையவேண்டியவர்கள் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதே ஆன மூத்த மாணவர்கள். எலிவரிசையில் தேர்வு எழுதுவது எலிகள் மட்டுமல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். எலி தேறியது பிரேக் அவுட் அன்று தெரிந்துவிடுகிறது. மூத்தவர் தேறினாரா என்று அறிவிக்கும் நாள் எதுவும் அங்கே இல்லை.

நீங்கள் உங்கள் நண்பரை வாழ்த்தத் தயங்கவேண்டாம். அவருடைய மகன் தனியாகத் தப்பிக்கமுடியாத ஓரிடத்தில் பிறரோடு சேர்ந்து ஏழு மாதமளவு தாக்குப்பிடித்திருக்கிறான், அது வாழ்த்துக்குரியது. சந்திக்க வாய்த்தால், எத்தனை தண்டால் எடுத்தாய் என்று கேட்காதீர்கள், அதை எல்லோரும் கேட்டிருப்பார்கள். அவனுடைய டைக் யார், அந்த அறையில் என்ன பேசுவார்கள் என்று கேளுங்கள். ரோனோக்கிலிருந்து லெக்சிங்டன் பக்கம்தானே. கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்