உள்ளேயும் போகாத, வெளியேயும் வராத சீட் பெல்ட்: கேள்வி-பதில்

கேள்வி: 1990 மாடல் அமெரிக்க கார். கதவை மூடினால் தோள் பெல்ட் மோட்டாரால் தானாகப் பின்னால் போக வேண்டும், முன்னாலேயே நிற்கிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?

பதில்: கதவைத் திறக்கும்போது முன்னால் வருகிறதா? வந்தால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. மின்சாரத்தின் திசை மாறியதும் அதே மோட்டார்தான் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. கோளாறு அநேகமாகக் கதவு சுவிட்சில் அல்லது பெல்ட் ஓடும் தண்டவாளத்தின் பின்முனை லிமிட் சுவிட்சில் இருக்கும். பின்முனை சுவிட்ச் அழுந்தியபடி சிக்கிக்கொண்டால், பெல்ட் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது என்று கன்ட்ரோல் யூனிட் நினைத்துக்கொள்ளும்.

இரண்டு பக்கமும் அசையவில்லை என்றால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பிறகு இக்னிஷனை ஆன் செய்து, மோட்டாரின் இரண்டு ஒயர்களிலும் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, வேறொருவரைக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். 12 வோல்ட் வந்தும் சத்தமே இல்லை என்றால் மோட்டார் போய்விட்டது. மோட்டார் சுற்றுகிறது, பெல்ட் மட்டும் நகரவில்லை என்றால் தண்டவாளத்துக்குள் ஓடும் பல் வைத்த பிளாஸ்டிக் பட்டை அறுந்திருக்கும், அல்லது பல் மழுங்கியிருக்கும். அதை ஒட்டிப் பார்ப்பது வீண் வேலை. முக்கித் திணறி மெதுவாக நகர்ந்தால் பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது. துடைத்துவிட்டு சிலிக்கான் கிரீஸ் மெலிதாகத் தடவுங்கள்.

கேள்வி: அதே வகை பெல்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. இப்படியே ஓட்டலாமா?

பதில்: கூடாது. கதவுக்குப் பின்னுள்ள தூணருகே கடைசிவரை போய்ப் பூட்டிக்கொண்டால்தான் அது மோதலைத் தாங்கும். தோள் பெல்ட் தானே வருகிறதே என்று இடுப்பு பெல்ட்டை மறந்துவிடுவதும் இந்தக் கார்களில் அதிகம். அதை நீங்கள்தான் மாட்ட வேண்டும்.

கேள்வி: என் காரில் சாதாரண பெல்ட்தான். இழுத்தால் வரவில்லை என்று, பெல்ட் சுற்றியிருக்கும் ரீலைக் கழற்றினேன். மேஜையில் வைத்தாலும் பூட்டியே இருக்கிறது.

பதில்: படுக்கவைத்தால் பூட்டத்தான் செய்யும்! உள்ளே சாய்வை உணரும் ஒரு சிறு குண்டோ ஊசலோ இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். காரில் இருந்த அதே நிலையில் நிமிர்த்திப் பிடித்து, பெல்ட்டைக் கொஞ்சம் உள்ளே விட்டு, பிறகு மெதுவாக இழுங்கள். வந்துவிட்டால் ரீலில் பழுதில்லை. கோணலாகப் பொருத்தியிருந்தார்களா, தூணின் உறைக்குள் பெல்ட் முறுக்கியிருந்ததா என்று பாருங்கள். பக்கவாட்டு மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் சுருள் ஸ்பிரிங் பாய்ந்து வெளியே வந்தால் திரும்ப அடைக்க முடியாது.

கேள்வி: பெல்ட் சோம்பலாக உள்ளே போகிறது. எண்ணெய் ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எண்ணெய் தூசியை இழுக்கும். பெரும்பாலும் ஸ்பிரிங்கில் குறையிருக்காது; தோளுக்கு மேலே உள்ள வளையத்தில் படிந்த அழுக்குதான் காரணம். பெல்ட்டை முழுக்க இழுத்து, உள்ளே போகாதபடி கிளிப் போட்டு, வளையத்தையும் பெல்ட்டையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். பிளீச் நூலிழையைப் பலவீனமாக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

கேள்வி: மோதலுக்குப் பிறகு பெல்ட் அடியோடு இறுகிவிட்டது. சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியாது. மோதும் நொடியில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனர் ஒருமுறைதான் வெடிக்கும். முழு யூனிட்டையும் மாற்றுங்கள். அதில் கைவைக்கும் முன் பேட்டரியைக் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். போல்ட்டை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) கையேட்டின் அளவுக்கே முறுக்குங்கள்.