கிலோவுக்கு 20 ரூபா மிச்சம்னு கோயம்பேடு போறது கட்டுப்படி ஆகுமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க அம்பத்தூர்ல இருக்கோம். நான் வீட்லயே பிளவுஸ் தைக்கிறேன், வீட்டுக்காரருக்கு கம்பெனி வேலை, மாசம் 40,000 சம்பளம். ஞாயித்துக்கெழம காலையில பொண்ண கூட்டிக்கிட்டு ஸ்கூட்டில கோயம்பேடு போயி ஒரு வாரத்துக்கு காய் வாங்கிட்டு வருவேன், ஒரு 10 கிலோ இருக்கும். எங்க தெருக் கடைய விட கிலோவுக்கு 20 ரூபா கம்மி, அப்ப வாரம் 200, மாசம் 800 மிச்சம். அதுபோக ராத்திரியில மூணு ஆப்புல விலை பார்த்துதான் மளிகை போடுவேன். வீட்டுக்காரர் "உன் நேரத்துக்கு விலையே இல்லையா"ன்னு கேக்குறாரு, மாமியார் "இப்படி இருந்தாதான் குடும்பம் நிக்கும்"ங்கிறாங்க. யார் சொல்றது சரி?

பதில்: வணக்கம்மா. ரெண்டு பேருமே பாதி சரி, ஆனா ரெண்டு பேரும் கணக்கு போடல, நீங்க போட்ட கணக்கும் பாதியில நிக்குது.

மொதல்ல அந்த 200 ரூபாய எடுத்துக்குவோம். அம்பத்தூர்ல இருந்து கோயம்பேடு போய்ட்டு வர சுமாரா 20 கிலோமீட்டர்னு வைங்க, ஸ்கூட்டி லிட்டருக்கு 45 குடுத்தா பெட்ரோல் மட்டும் 45 ரூபா ஆச்சு. டயர் தேய்மானம், ஆயில், சர்வீஸ் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு ஒரு ரூபான்னு கம்மியா போட்டாலும் 20. வண்டி நிறுத்த 10. பொண்ணு கூட வருதுன்னு சொல்றீங்க, கண்டிப்பா அங்க ஒரு டீயும் வடையும் உண்டு, 40 ரூபா (இத யாருமே கணக்குல எழுத மாட்டாங்க, நானும் எழுதினதில்ல). அப்புறம் 10 கிலோ வாங்குனா ஒரு கிலோவாவது வியாழக்கெழம அழுகித்தான் இருக்கும், அது ஒரு 30. ஆக 145 போயிடுச்சு, கையில நிக்கிறது 55 ரூபா. காலையில 6 மணிக்கு கெளம்பி 8:45க்கு திரும்புறீங்கன்னா ரெண்டே முக்கா மணி நேரத்துக்கு 55, அதாவது மணிக்கு 20 ரூபா. சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்களே, கிட்டத்தட்ட அந்த விகிதத்துலயே வந்து நிக்குது பாருங்க.

இப்ப வீட்டுக்காரர் விஷயத்துக்கு வர்றேன். நேரத்துக்கு விலை போடுறவங்க எல்லாரும் சம்பளத்த மணியால வகுத்துடுறாங்க. அவரு 40,000 வாங்குறாரு, மாசம் 26 நாள், நாளைக்கு 9 மணி நேரம்னா மணிக்கு 170 ரூபா, அதனால 170க்கு கம்மியா மிச்சம் ஆகுற எதையும் செய்யக்கூடாதுன்னு ஒரு தத்துவம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஞாயித்துக்கெழம காலையில அவர் வீட்ல இருந்தா கம்பெனி அவருக்கு 170 குடுக்குமா? ரீல்ஸ் பார்த்துக்கிட்டு படுத்திருப்பாரு. விக்க முடியாத நேரத்துக்கு சம்பள ரேட்டு போடக்கூடாது. அந்த நேரத்துல வேற என்ன செஞ்சிருப்பீங்க, அதுக்கு என்ன மதிப்பு, அதத்தான் கணக்குல எடுக்கணும்.

உங்க விஷயத்துல அது ரொம்ப சுலபம், ஏன்னா உங்க கையில தொழில் இருக்கு. ஒரு லைனிங் பிளவுஸ் தைச்சா லைனிங் துணி, நூல், ஊக்கு, கரண்ட் எல்லாம் போக ஒரு 350 ரூபா நிக்கும், ரெண்டரை மணி நேரம் ஆகும்னு வைங்க, மணிக்கு 140 ஆச்சு. அப்ப ஆவணியில கல்யாண ஆர்டர் வந்து குமிஞ்சு கெடக்கும்போது, தீவாளிக்கு முன்னாடி "அக்கா எப்ப ரெடி ஆகும்"னு தெனமும் போன் வர்றப்போ கோயம்பேடு போறது சுத்த நஷ்டம், 55 ரூபாய்க்காக ஒரு பிளவுஸையே விட்டுக்குடுக்குறீங்க. அதே ஆடி மாசத்துல மெஷின் சும்மா கெடக்குதுன்னா போங்க, தாராளமா போங்க, அந்த நேரத்த வாங்க ஆளே இல்லையே. ஒரே வேலை ஒரு மாசத்துல நஷ்டம் இன்னொரு மாசத்துல லாபம், அதனாலதான் உங்க வீட்ல ரெண்டு பேரு சொல்றதும் சரி மாதிரி தெரியுது.

சில பேருக்கு மார்க்கெட் சுத்துறதே ஒரு சந்தோஷம். அந்த சத்தம், குவியல் குவியலா காய், பேரம், எல்லாம் பிடிக்கும். பொண்ணுக்கு விலை கேக்கவும் காய் பொறுக்கவும் கத்துக்குடுக்குறீங்கன்னா அது வேற கணக்கு, அத நான் ரூபாயில எழுத மாட்டேன். ஆனா அப்ப "மிச்சம் பண்ணப் போறேன்"னு சொல்லாதீங்க, "ஊர் சுத்தப் போறேன், செலவில்லாம"ன்னு சொல்லுங்க, வீட்ல சண்டையும் குறையும்.

சரி, போறதுன்னு முடிவு பண்ணிட்டா எப்படி போனா கட்டுப்படி ஆகும்? மொதல்ல வாரா வாரம் வேணாம். தக்காளி, கீரை, வெண்டைக்கா மாதிரி சீக்கிரம் கெடுறத தெருவுல தள்ளுவண்டிக்காரர்கிட்டயே வாங்கிக்கங்க, ரெண்டு நாளைக்கு தேவையானத மட்டும். கோயம்பேட்டுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி போயி பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், உருளை, பூண்டு, இஞ்சி, தேங்கா இப்படி தாங்குற சரக்கா வாங்குங்க. இதுல பூண்டும் இஞ்சியும் முக்கியம். தக்காளியில கிலோவுக்கு 15, 20 மிச்சம்னா பூண்டுல பல நேரம் கிலோவுக்கு 60, 80 வரைக்கும் வித்தியாசம் வரும், தூக்குற கனம் ஒண்ணுதான். பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தரையும் சேர்த்துக்கங்க, ஒரு தடவ நீங்க, அடுத்த தடவ அவங்க. பெட்ரோலும் நேரமும் ரெண்டா பிரிஞ்சிடும். நாலு வீடு சேர்ந்தா இன்னும் லாபமேன்னு தோணும், ஆனா ஸ்கூட்டி முன்னாடி மூட்டைய வச்சா ஹேண்டில் திரும்பாது, அந்த வம்பே வேணாம். மழைக்காலத்துல வெங்காயத்த மட்டும் மூட்டையா வாங்காதீங்க. ஒரு கார்த்திகை மாசத்துல நான் மலிவா கெடச்சுதேன்னு 15 கிலோ வாங்கிப் போட்டு, நாலே நாள்ல வீடு பூரா நாத்தம், பாதிய குப்பையில கொட்டுனேன், இன்னும் என் வீட்ல அந்தப் பேச்சு ஓயல.

பஸ்ல போனா? டவுன் பஸ்ஸுல சாதாரண கட்டண வண்டின்னா பெண்களுக்கு 2021 மே மாசத்துல இருந்து டிக்கெட்டே கெடையாது, அதனால பெட்ரோல், தேய்மானம், பார்க்கிங்னு அந்த 75 ரூபாயும் அப்படியே மிச்சம், கையில நிக்கிறது 55 இல்ல, 130. ஆனா பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் சேர்ந்தா நாலு மணி நேரம் ஆகும், 10 கிலோ பைய தூக்கிட்டு ஏறி எறங்கணும், தோள்பட்டை வலி வந்தா தைலத்துக்கு தனி செலவு. ரெண்டு பேரா போயி ஆளுக்கு ஒரு பைன்னா பரவாயில்ல.

இப்ப இதவிட முக்கியமான ஒண்ணு கேக்குறேன், ரேஷன் கடைக்கு போறீங்களா? நெறய மிடில் கிளாஸ் வீட்ல அரிசி கார்டு இருந்தும் "அதுக்கெல்லாம் யாரு நிப்பா"ன்னு விட்டுடுறாங்க. துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா. வெளியில துவரம்பருப்பு 120க்கு கீழ பார்க்கவே முடியல, பாமாயிலும் அதே மாதிரிதான், ஆக ரெண்டுலயும் சேர்த்து 185 ரூபாய்க்கு குறையாம மிச்சம். நீங்க நாலு ஞாயித்துக்கெழம பதினோரு மணி நேரம் அலைஞ்சு சம்பாதிச்சது 220 ரூபா, இங்க தெரு முனையில அரை மணி நேரம் வரிசையில நின்னா 185. சரக்கு வரலன்னு ஒருவாட்டி திருப்பி அனுப்புனாலும், ரெண்டாவது தடவ போனாலும் கூட ரேஷன்தான் ஜெயிக்குது. நமக்கு கவுரவம் இடிக்குதே தவிர கணக்கு இடிக்கல. (பாமாயில் வீட்ல யாரும் சாப்பிட மாட்டாங்கன்னா அது வேற, அப்ப பருப்பு மட்டும்.)

ஏன் இப்படி கோயம்பேட்டுக்கு 20 கிலோமீட்டர் ஓடுறோம், வேற இடத்துல பெரிய தொகைய கண்டுக்காம விடுறோம்? நம்ம மண்டை ரூபாயா பார்க்காது, சதவீதமா பார்க்கும். 1981ல அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேள்வி கேட்டாங்க. கடையில கால்குலேட்டர் 15 டாலர், 20 நிமிஷம் வண்டி ஓட்டிப் போனா இன்னொரு கிளையில 10 டாலர், போவீங்களா? 68 சதவீதம் பேர் போவோம்னாங்க. இன்னொரு குழுவுக்கு அதே கால்குலேட்டர 125 டாலர், அங்க போனா 120 டாலர்னு மாத்தி கேட்டாங்க, 29 சதவீதம் பேர்தான் போவோம்னாங்க. ரெண்டுலயும் மிச்சம் அதே 5 டாலர், ஓட்ட வேண்டியதும் அதே 20 நிமிஷம். கானமனுக்கு 2002ல பொருளாதார நோபல் கெடச்சப்போ இந்த மாதிரி ஆராய்ச்சிகளுக்காகத்தான் குடுத்தாங்க.

நம்ம ஊர்ல இத நகைக் கடையில பார்க்கலாம். கீரைக்கார அம்மாகிட்ட 15 ரூபா கட்ட 10க்கு கேட்டு அஞ்சு நிமிஷம் மல்லுக்கு நிப்போம், அதே ஆளு 2 லட்ச ரூபாய்க்கு நகை எடுக்கும்போது சேதாரம் 14 சதவீதம்னு பில் போட்டா ஏசி குளுர்ல குடுத்த கூல்டிரிங்க்ஸ குடிச்சுக்கிட்டு தலையாட்டுவோம். 12 ஆக்குங்கன்னு கேட்டா, அவங்களும் பெரும்பாலும் கொஞ்சம் எறங்கி வருவாங்க, 4,000 ரூபா அங்கயே மிச்சம். கோயம்பேடு கணக்குல அது ஒன்றரை வருஷ ஞாயித்துக்கெழம. கீரைக்காரம்மாகிட்ட பேரம் பேசுறத நான் நிறுத்தி பல வருஷம் ஆச்சு, அது கணக்கு இல்ல, மனசு.

ஆப்புல விலை பார்க்குறது பத்தி. மூணு ஆப் தெறந்து நாப்பது நிமிஷம் ஒப்பிட்டு 35 ரூபா மிச்சம் பண்றது ஆடியிலயும் வேணாம் ஆவணியிலயும் வேணாம், கண்ணுக்கும் கெடுதல், அதுலயும் டெலிவரி சார்ஜ் 30 ரூபாய காப்பாத்த 90 ரூபாய்க்கு தேவையில்லாத பிஸ்கட்ட சேர்த்துருப்பீங்க. மாசத்துல ஒரு தடவ மட்டும் வழக்கமா வாங்குற பத்து பொருளுக்கு விலை பார்த்து எது எங்க மலிவுன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜுல ஒட்டிடுங்க, மூணு மாசம் தாங்கும். பார்க்கும்போது பாக்கெட்டோட மொத்த விலைய பார்க்காதீங்க, இப்பல்லாம் எம்ஆர்பிக்கு பக்கத்துலயே ஒரு கிராம் இல்லன்னா ஒரு மில்லி என்ன விலைன்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, அதப் பாருங்க. எண்ணெய் பாக்கெட் எல்லாம் ஒரே சைஸ்ல தெரியும், ஒண்ணுல 1 லிட்டர் இன்னொண்ணுல 850 மில்லி இருக்கும். பெருசா வாங்குனா மலிவுங்கிறதும் எப்பவும் உண்மை இல்ல, பல பிராண்டு ஷாம்புவுல பாட்டில விட 2 ரூபா சாஷேதான் மில்லி கணக்குல மலிவு, குப்பைதான் கூட சேருது. சாஷே பழக்கத்த ஆரம்பிச்சு வச்சதா கடலூர் சின்னி கிருஷ்ணனத்தான் சொல்வாங்க, நம்ம ஊர் சரக்குதான் அது.

என்னைக் கேட்டா, ஒருவாட்டி மெனக்கெட்டா மாசா மாசம் தானா மிச்சம் ஆகுறதுக்குத்தான் மொதல்ல நேரம் ஒதுக்கணும். உதாரணத்துக்கு ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள்ள. நாளைக்கு 12 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாச பில்லுல ஒரு ஃபேனுக்கு 30 யூனிட்டுக்கு மேல குறையும். உங்க பில் 500 யூனிட்ட ஒட்டி வருதுன்னா இது ரொம்ப முக்கியம், ஏன்னா 500 தாண்டுனா 101ல இருந்து 200 வரைக்குமான யூனிட்டுக்கே ரேட்டு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா மாறிடும். தையல் மெஷினுக்கு மேல சுத்துற ஃபேன்தான் உங்க வீட்ல அதிகம் ஓடும், அத மொதல்ல மாத்துங்க.

கடைசியா அந்த 800 ரூபா எங்க போச்சுன்னு பாருங்க. பர்ஸுலயே இருந்தா அது மிச்சம் இல்ல, வேற ஏதோ ஒரு செலவு. இப்ப நான் சொன்ன மாதிரி ரேஷன், ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி மார்க்கெட், கூட தைக்கிற ரெண்டு பிளவுஸ், இதெல்லாம் சேர்ந்தா மாசம் 800 நிஜமாவே வரும். அத போஸ்ட் ஆபீஸ் ஆர்டில போட்டா, இப்ப இருக்குற 6.7 சதவீத வட்டிக்கு அஞ்சு வருஷத்துல கட்டுனது 48,000, கையில வர்றது 57,000 சொச்சம். பாஸ்புக்க மாமியார்கிட்ட குடுத்து வைங்க, வட்டி என்ட்ரிய வீட்டுக்காரருக்கு காட்டுங்க.

ஆடி பொறந்ததும் கோயம்பேடு போறதா இருந்தா தேங்கா வாங்கும்போது குலுக்கிப் பார்த்து வாங்குங்க, அங்க மலிவா குடுக்குற குவியல்ல தண்ணி வத்துனது நெறய கெடக்கும்.